எதிர்மனுதாரர் எண் 47

அவளுக்கு எண்பத்தொன்று, எனக்கு அறுபத்தேழு.
இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால்
மீதி எல்லாம் பொய்யாகிவிடும்.

நோட்டீஸ் ஒன்பது நாள் கிடந்தது
கீழே, முன்சியாரி சாலைக் கடையில்,
உருளைக்கிழங்கு மூட்டைக்கும் தராசுக்கும் நடுவே.
கடைக்காரர் படித்தார், பிறகு ஊர் படித்தது.
புல்லுக்கட்டை நான் இறக்குமுன்னே கேட்டார்கள்:
“உன்மேல யாரோ கேஸ் போட்டிருக்காங்களாமே?”

யாரோ இல்லை, ஷாலு கங்வார்,
பிலிபித் மாவட்டம், உத்தரப் பிரதேசம்.
என்மேலும் இல்லை, முப்பது சதவீதத்தின்மேல்.
‘மாநிலப் பெண்களுக்கு மட்டும்’
என்ற மூன்று சொற்களின்மேல்.
சொற்களுக்கு முகவரி கிடையாது,
தபால் எனக்கு வந்தது.

நைனிதாலுக்குப் பத்து மணி நேரம்,
மண் சரிந்த இடத்தில் காத்திருந்தது தனி.
வக்கீல் கிடைமட்டம் என்றார், செங்குத்து என்றார்,
பதினாறாம் உறுப்பு, இரண்டாம் பிரிவு என்றார்.
எங்கள் ஊரில் கிடைமட்டமாய் இருப்பது
குடத்துத் தண்ணீர் மட்டும்தான்,
அதுவும் தூக்கியவள் நின்றால்.

அன்று எங்கள் வழக்கு முப்பத்தெட்டாவது.
பகல் ஒன்றரைக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது.
பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது.
சாவி எழுத்தரிடம், எழுத்தர் டீக்கடையில்.
வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள்
ஒரு ஃபைலை மார்போடு அணைத்திருந்தாள்.
சாவி வந்ததும் திரும்பி,
“ஒரு நிமிஷம் பிடிங்க, தீதி” என்று
என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பெரிய கனமில்லை, புல்லுக்கட்டில் கால்வாசிகூட வராது.
மேலட்டையில் அவள் பெயர், அதன்கீழ் ‘எதிர்’,
அதன்கீழ் அரசு, தேர்வாணையம், மற்றும் பலர்.
ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு
மற்றும் பலரைத் தேடினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
47. பகீரத் கர்க்கி.

பகீரதியில் ஓர் இகரம் உதிர்ந்திருக்கிறது.
பெண்கள் இடஒதுக்கீட்டு வழக்கில்
ஆணாகப் பதிவாகி
பெண்கள் கழிப்பறை வாசலில் நிற்கிறேன்.

துப்பட்டாவில் கை துடைத்தபடி வந்தாள்.
“நீங்களும் இந்தக் கேஸா? எந்தப் பக்கம்?”
இருநூற்றுப் பன்னிரண்டு என்றேன்.

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது.
ஃபைலைப் பிடுங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன்,
சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அவள் வீட்டிலிருந்து எல்லைக்குப் பதினொரு கிலோமீட்டராம்.
மழை விட்ட மறுநாள்
மொட்டைமாடியில் ஏறினால் எங்கள் மலை தெரியுமாம்.
“அக்காவை கடீமாவில் கட்டிக்கொடுத்தோம்,
அவ இப்போ உங்க மாநிலத்துப் பொண்ணு.
வேலைக்காக நானும்
கோட்டுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை தேடணுமா?”

அந்தக் கோட்டைப் போட்டபோது
எனக்கு நான்கு வயது, அவளுக்கு ஆறு.
பதில் ஏதாவது சொல்லியிருக்கலாம்.
சிக்னலுக்காக முகட்டில் ஏறி
கையுறையோடு பக்கம் புரட்டிய டிசம்பரைச் சொல்லியிருக்கலாம்.
என் பதினான்கு மதிப்பெண் எங்கே போனதென்று
நானும் ஒரு மனு போடலாம்.
யார்மேல் போடுவது?
பின்னால் நின்றவள் “போறீங்களா இல்லையா?” என்றாள்.
போனேன்.

நான்கரைக்குக் கூப்பிட்டார்கள்.
நின்றோம், உட்கார்ந்தோம்,
இடைக்காலத் தடை தொடரும், நான்கு வாரம் கழித்து.

பெயரைத் திருத்த வேண்டுமே என்றேன்.
“திருத்த மனு போடலாம், வாய்தா இன்னும் தள்ளும்” என்றார் வக்கீல்.
இருக்கட்டும் என்றேன்,
தோற்றால் பகீரத் தோற்றுப்போகட்டும்.
“ஜெயிச்சா?”
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

காட்கோதாமுக்கு இறங்கும் வேனில்
அவள் ஏறியதைப் பார்த்தேன்,
இரண்டு கையாலும் ஃபைலைப் பொத்திக்கொண்டு.
அல்மோரா தாண்டி டிக்கெட் எடுக்கக் கை நீட்டியபோதுதான் தெரிந்தது,
ரப்பர் பேண்ட் என்னிடமே இருக்கிறது.